இரவல் ஊர்

இத்தாலி நாட்டில் பத்து நாள் இருந்தேன் என்று என்னிடம் ஒரு காகிதம் இருக்கிறது. கையெழுத்து இருக்கிறது. முத்திரை இருக்கிறது. நான் அங்கே போனதில்லை. ஆனால் லீவுக்கு எங்கே போகலாம் என்று யாராவது கேட்டால் அந்த ஊரைத்தான் சொல்லுவேன். காரணம் கேட்டால் காரணமும் சொல்லுவேன். எல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டு, வீட்டில் சொல்லி, பேச்சு வாங்கி, அதற்குப் பிறகு முடிவு செய்தது.

எனக்குப் பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு சரி. எழுதிப் பழக்கம் இல்லை. நடந்ததை எழுதுகிறேன்.

யுத்த காலம். பெங்களூருக்கு வெளியே, வடக்கே, இத்தாலிக்காரக் கைதிகளை வைத்திருந்த முகாம் ஒன்று இருந்தது. எங்கேயோ பாலைவனத்தில் பிடித்துக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தவர்கள். சுற்றிலும் முள்கம்பி வேலி. அந்த வேலியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. காலையில் ஒரு சுற்று. மாலையில் ஒரு சுற்று. கம்பி தொய்ந்தால் இழுத்துக் கட்ட வேண்டும். கம்பம் சாய்ந்தால் நிமிர்த்த வேண்டும். கையில் குறடு, தோளில் கம்பிச் சுருள். பேச்சு தேவைப்படாத வேலை. எனக்குப் பிடித்திருந்தது.

வீடு ஒக்கலிபுரம். சிட்டி ஸ்டேஷனுக்குப் பின்பக்கம். ரயில் போனால் மாடத்தில் டம்ளர் ஆடும். சத்தத்தை வைத்தே எந்த வண்டி என்று என் மனைவி சொல்லிவிடுவாள். ஒரு வண்டிக்கு உலை வைப்பாள். ஒரு வண்டிக்கு விளக்கு ஏற்றுவாள். எங்கள் வீட்டில் கடிகாரம் இல்லை, தேவையும் இல்லை. ஆனால் அவள் ஒரு ரயிலிலும் ஏறியதில்லை. பிறந்தது பக்கத்தில் ஸ்ரீராம்புரம். கல்யாணமாகி நடந்து வந்தாள். தலைத் தீபாவளிக்கு நடந்து போனாள்.

கல்யாணம் ஆன மறுநாள், உன்னை ஒரு தடவை ரயிலில் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருந்தேன். பதினோரு வருஷம் ஆகிவிட்டது. அவள் அதை வைத்துச் சண்டை போட்டதில்லை. ரயில் போகும்போது என்னை ஒரு பார்வை பார்ப்பாள். அவ்வளவுதான். ஆனால் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு ரயில் போகும்.

முகாமில் ஒரு வருஷம் முடித்தவர்களுக்குப் பத்து நாள் லீவு உண்டு. புருஷன் பெண்சாதி இரண்டு பேருக்கும் ரயில் பாஸ் உண்டு. எனக்கு வருஷம் முடிந்த அன்றே பெரிய குமாஸ்தாவிடம் போய் நின்றேன். அவர் ஒரு பாரத்தை எடுத்தார்.

"சொந்த ஊர் எது?"

"ஒக்கலிபுரம் சார்."

"அது வீடு இருக்கிற எடம்யா. சொந்த ஊரைச் சொல்லு."

"அதுதான் சார்."

"உங்கப்பா ஊரு?"

"அவரும் இங்கதான் பொறந்தாரு."

"அவங்கப்பா?"

"ஆற்காட்டுப் பக்கம்னு சொல்லுவாங்க."

"பக்கத்துக்கெல்லாம் பாஸ் குடுக்க முடியாது. ஊரு பேரு வேணும்."

பேர் தெரியவில்லை. தாத்தா சொன்னதில்லை. அப்பா கேட்டதில்லை.

"ஒக்கலிபுரத்துக்கே குடுங்க சார்."

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். "ஏன்யா, லீவுங்கிறது சொந்த ஊருக்குப் போய்வரத்தான் குடுக்கிறது. நீ தினம் சாயங்காலம் சொந்த ஊருக்குப் போயிட்டுக் காலையில திரும்பி வர்ற. இந்த முகாம்லயே தினமும் லீவு அனுபவிக்கிற ஆளு நீ ஒருத்தன்தான். உனக்கு இன்னும் இன்னாத்துக்கு லீவு?"

சட்டத்தையும் சொல்லி அனுப்பினார். போன ஊரில் மணியக்காரர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வரவேண்டும். வாங்கி வராவிட்டால் பத்து நாளும் வேலைக்கு வராத நாள். வேலை போகும்.

என்னோடு கம்பம் நடுகிறவர் குடியாத்தத்துப் பக்கத்துக்காரர். அவரிடம் கேட்டேன்.

"அண்ணே, உங்க ஊரைக் கொஞ்சம் குடுங்க. பத்து நாள்."

"தாராளமா குடுப்பேம்பா. எடம் இல்லியே. ஏற்கெனவே சமையல்காரனுக்குக் குடுத்துட்டேன், தோட்டக்காரனுக்குக் குடுத்துட்டேன், காவக்காரனுக்கும் குடுத்தாச்சு. மணியக்காரரு என்னைக் கூப்பிட்டுக் கேக்கறாரு, இன்னாப்பா இது, இந்த ஊர்ல பொறந்தவனுங்கள்ல பாதிப் பேர நான் பாத்ததே இல்லியேன்னு."

அன்றைக்கு வேலியில் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். உள்பக்கம் கூடவே ஒரு கைதி நடந்தான். அவன் எப்போதும் அப்படித்தான். நான் வெளியே ஒரு சுற்றுப் போனால் அவன் உள்ளே ஒரு சுற்று வருவான். முப்பது வயசு இருக்கும். ஒல்லி. காய்கறி கொண்டுவருகிறவர்களிடம் தமிழ் கற்றுக்கொண்டிருந்தான். மரியாதை மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. பெரிய துரையையும் நீ என்பான்.

"அண்ணா, இன்னைக்கு உன் மூஞ்சி சரியில்லை."

"ஊர் இல்ல. அதனால லீவு இல்ல."

இதை விளக்கிச் சொல்ல எனக்குக் கால் சுற்று ஆயிற்று. அவன் நின்றான்.

"எங்க ஊரை எடுத்துக்கோ."

"ஆ?"

"நல்ல ஊர். சும்மாதான் கிடக்கு. நான் இப்போ உபயோகம் பண்றது இல்லை."

அவன் ஊர் கடலோரத்தில் இருந்தது. சண்டைக்கு வருமுன் ஊர் ஆபீசில் எழுத்து வேலை பார்த்தவன். யார் வந்தார், யார் போனார் என்று புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்துவது அவன் வேலை. "அங்கே கையெழுத்துப் போட நான்தான் ஆள். வேற யாரும் போட்டால் செல்லாது" என்றான்.

"அங்க சண்டை நடக்குதே."

"எங்க ஊர்லயா? எங்க ஊர் ரொம்பச் சின்னது, அண்ணா. சண்டைக்கு வழி தெரியாது."

நான் கம்பியை முறுக்கினேன். அவன் நான் யோசிக்கிறேன் என்று நினைத்துக் காரணங்களைச் சொல்ல ஆரம்பித்தான். ஒரு சுற்றுக்கு ஒரு காரணம். முதல் காரணம் கடல். அவர்கள் கடல் ஏறாது, இறங்காது. வைத்த இடத்தில் இருக்கும்.

வீட்டில் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"ஏறாது எறங்காதுன்னா அது ஏரிங்க. அல்சூர்ல இருக்கு. அதுக்கு ரயில் ஏறணுமா?"

மறுநாள் அவனிடம் சொன்னேன். அவனுக்கு வருத்தம். அடுத்த காரணத்தை எடுத்தான். அங்கே மத்தியானம் சாப்பிட்டதும் ஊரே கதவைச் சாத்திவிட்டுத் தூங்கும். கடை, ஆபீஸ், கோயில் எல்லாம் தூங்கும். நாய்கூடத் தூங்கும்.

அவள் கேட்டாள், "பாத்திரத்த யாரு தேய்ப்பாங்க?"

இதையும் கொண்டுபோனேன். அவன் வேலியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தான். "அம்மா" என்றான்.

"பாத்தீங்களா" என்றாள் என் மனைவி. "அந்தம்மா தூங்கல."

மூன்றாவது காரணம் ஒரு மரம். பழம் கசக்கும், ஆனால் எண்ணெய் எடுப்பார்கள். மரம் ஆயிரம் வருஷம் இருக்கும் என்றான்.

"ஆயிரம் வருஷமாக் கசக்குதா? வெட்டிப் போட ஆள் இல்லியா அந்த ஊர்ல?"

நான்காவது எலுமிச்சை. ஒவ்வொன்றும் குழந்தைத் தலை அளவு இருக்கும். இதற்கு அவள் கையால் அளவு பிடித்துப் பார்த்தாள். "ஒரு பழத்தில ஒரு ஜாடி ஊறுகா போடலாம்" என்றாள். ஊறுகாய் போடுவார்களா என்று கேட்டுவரச் சொன்னாள். போடுவதில்லை என்று தெரிந்ததும் அவளுக்கு அந்த நாட்டின்மேல் ஒரு பரிதாபம் வந்தது. ஐந்தாவதாக, திருவிழாவில் சாமியைத் தோளில் தூக்கிக்கொண்டு கடல்வரைக்கும் போவார்கள் என்று சொன்னதும், "அப்போ நம்மள மாதிரி மனுஷங்கதான்" என்றாள்.

ஆனால் அவளைப் பிடித்தது ஆறாவது காரணம். அந்த ஊரில் ஒரு தெரு உண்டு. சாயங்காலம் ஆனதும் எல்லாரும் நல்ல துணி உடுத்திக்கொண்டு அந்தத் தெருவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரைக்கும் நடப்பார்கள். பிறகு திரும்பி நடப்பார்கள்.

"எங்க போறாங்க?"

"எங்கயும் இல்லியாம்."

"ஏதாவது வாங்கவா?"

"இல்ல."

"யாராவது செத்துட்டாங்களா?"

"இல்ல. சும்மா."

"பொம்பளைங்களுமா?"

"புருஷன் பெண்சாதி சேர்ந்துதானாம்."

அப்போது ஒரு ரயில் போயிற்று. டம்ளர் ஆடிற்று. அவள் என்னைப் பார்த்தாள். "அந்த ஊருக்கே எழுதிக் குடுங்க" என்றாள்.

பாரத்தை வாங்கி வேலியடியில் வைத்துக்கொண்டு அவன் சொல்லச் சொல்லக் கட்டங்களை நிரப்பினேன். சொந்த ஊர், தாலுகா, தபால் ஆபீஸ். கிட்டத்து ரயில்வே ஸ்டேஷன், அங்கிருந்து எத்தனை மைல். தங்கும் வீடு: அவன் வீடு. வீட்டில் இருப்பவர்: அம்மா. குடிதண்ணீர்: உண்டு. வழியில் ஆபத்து ஏதும் உண்டா என்று ஒரு கட்டம் இருந்தது. "எழுது, அண்ணா" என்றான். "ஸ்டேஷனிலிருந்து இரண்டு பாதை. கீழ்ப்பாதையில் ஒரு நாய் இருக்கு. மேல்பாதையில் போ." எழுதினேன். "அம்மா சாப்பிடச் சொன்னால் முதல் தடவையே உட்கார்ந்துவிடு. வேண்டாம்னு சொன்னால் அழுவாள்." அதற்குக் கட்டம் இல்லை.

பெரிய குமாஸ்தா பாரத்தை மேலிருந்து கீழே படித்தார். மறுபடி படித்தார். அவர் கையில் இதுவரை எல்லாக் கட்டமும் நிரம்பிய பாரம் வந்ததில்லை. தாலுகா எழுதினவன் தபால் ஆபீஸ் எழுதமாட்டான். ஆபத்துக் கட்டத்தை யாருமே தொட்டதில்லை. காகிதத்தைத் தடவிப் பார்த்தார். பிறகுதான் ஊர் எங்கே இருக்கிறது என்று கவனித்தார்.

"யோவ். இது இத்தாலி."

"ஆமா சார்."

சட்டப் புத்தகத்தை எடுத்தார். சொந்த ஊர் என்று போட்டிருந்ததே தவிர எந்த நாட்டில் என்று போடவில்லை. அவர் கட்டத்தை நம்புகிறவர். ஆனால் இன்னொன்று தோன்றிவிட்டது.

"சொந்த ஊர் இத்தாலின்னா நீ எதிரி நாட்டாளு. உன்னை வேலிக்கு உள்ள இல்ல வெக்கணும்?"

உள்ளே போனால் ரயில் இல்லை, வீடும் இல்லை.

"நான் உள்ள போயிட்டா வேலிய யாரு சார் கட்டுவாங்க?"

அவர் ஜன்னல் வழியாக வேலியைப் பார்த்தார். "அதுவும் பேஜார்தான்" என்றார். பாரத்தின் ஓரத்தில் 'வேலிக்கு வெளியே' என்று எழுதி, தன் கையெழுத்தைச் சின்னதாகப் போட்டார். என்னை முகாமின் பெரிய துரையிடம் கூட்டிப்போனார்.

துரை வயசானவர். முகத்தில் ஒரு சோர்வு. காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏதோ கேட்டார்.

"எதுக்கு அந்த நாடுன்னு துரை கேக்கறாரு" என்றார் குமாஸ்தா.

காரணங்கள் தயாராக இருந்தன. மூன்று சொன்னேன். கடல் வைத்த இடத்தில் இருக்கும். மத்தியானம் தூங்கலாம். சாயங்காலம் சும்மா நடக்கலாம். குமாஸ்தா இங்கிலீஷில் சொன்னார். துரை பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். பிறகு மெதுவாக ஏதோ சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் குமாஸ்தாவிடம் கேட்டேன், "துரை இன்னா சொன்னாரு?"

"கல்யாணம் ஆன புதுசுல அவரு சம்சாரத்தோட அங்க போயிருக்காராம். வயிறு கெட்டுப் போச்சாம். தண்ணியக் கொதிக்கவெச்சுக் குடின்னாரு."

சிட்டி ஸ்டேஷனில் பாஸை நீட்டினேன். டிக்கெட் குமாஸ்தா ஒரு கன்னடத்துக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லிய்யா இது? எங்க இருக்கு?"

"கடலுக்கு அந்தாண்ட சார்."

"கடலுக்கு அந்தாண்ட நம்ம வண்டி போகாது."

"எதுவரைக்கும் போகுதோ அதுவரைக்கும் குடுங்க."

"கப்பல்னா பம்பாய் போகணும். அது ரெண்டு நாளு. மெட்ராஸ்லயும் கப்பல் இருக்கு, சாயங்காலம் ஏறினா காலையில எறங்கலாம். ஆனா அது வேற பக்கம்."

திரும்பி மனைவியைப் பார்த்தேன். கையில் ஒரு மூட்டை. கல்யாணச் சேலையை உடுத்தியிருந்தாள்.

"எந்தப் பக்கம் போனா இன்னா" என்றாள். "ரயிலு தானே."

மெட்ராஸ் மெயிலில் கூட்டம் தாங்கவில்லை. பட்டாளத்துக்காரர்கள். ஒருவர் அவளுக்கு ஜன்னல் பக்கம் இடம் விட்டார். வண்டி கிளம்பி எங்கள் வீட்டுப் பின்பக்கமாகப் போயிற்று. அந்தியில் எங்கள் கதவு தெரிந்தது. பூட்டு தெரிந்தது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள், "இப்போ டம்ளர் ஆடும்ங்க! இப்போ ஆடும்!" வண்டியில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டேன். கண்டோன்மென்ட் வந்ததும் "வந்துட்டமா?" என்றாள். இல்லை என்றதும் சந்தோஷப்பட்டாள். விடியும்வரை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் சந்தோஷப்பட்டாள்.

மெட்ராசில் சத்திரத்தில் மூன்று நாள்தான் விடுவார்கள். மூன்று சத்திரம் மாறினோம். பாரத்தில் எழுதினபடியே இருக்கவேண்டும் என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். தண்ணீரைக் கொதிக்கவைத்தோம். மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினோம். பாத்திரம் தேய்க்க இல்லை, சாப்பாடு சத்திரத்தில். "இன்னிக்கு அந்தம்மாவும் தூங்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் படுப்பாள். கடல் மட்டும் சரியில்லை. ஓயாமல் ஏறி இறங்கிற்று. "உங்க ஆளு சொன்னது இது இல்லீங்க" என்றாள். ஆனால் சாயங்காலம் ஆனதும் கல்யாணச் சேலையை உடுத்துவாள். மணலோரத்துச் சாலையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி நடப்போம். சுண்டல் விற்கிறவன் மூன்றாம் நாள் கேட்டான், "இன்னாம்மா தேடறீங்க? எதுனா கீழ விழுந்துருச்சா?"

"ஒண்ணும் இல்ல. சும்மா" என்றாள். அவள் அவ்வளவு பெருமையாக ஒரு பேச்சுப் பேசி நான் கேட்டதில்லை.

பத்தாம் நாள் திரும்பினோம். பதினோராம் நாள் காலையில் பெரிய குமாஸ்தா கையை நீட்டினார். "மணியக்காரர் கையெழுத்து?"

"சாயங்காலம் தரேன் சார்."

"சாயங்காலம் வரலேன்னா நாளைக்கு நீ வர வேணாம்."

வேலிக்குப் போனேன். அவன் காத்துக்கொண்டிருந்தான். காகிதத்தை நீட்டினேன். வாங்கவில்லை. சட்டையில் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டான். பையிலிருந்து சோப்பில் செதுக்கின முத்திரை ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நேராக நின்றான்.

"போகாதவனுக்கு நான் கையெழுத்துப் போடுறது இல்லை" என்றான். "ஆபீஸ் ஆபீஸ்தான். விசாரணை உண்டு."

சிரிக்கிறானா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. கேட்டான்.

"எந்தப் பாதையில் வந்தாய்?"

என் வேலை அந்தச் சோப்பில் இருந்தது. "மேல்பாதை" என்றேன்.

"நாய்?"

"கீழ குரைச்சுது. மேல வரல."

தலையை ஆட்டினான். "எலுமிச்சை?"

"காய்ச்சிருக்கு."

"வீட்டுக் கதவு? பச்சை அடிச்சது. இன்னும் பச்சையா?"

"பச்சைதான். கொஞ்சம் வெளுத்திருக்கு."

முத்திரையைக் கைமாற்றிக்கொண்டான். எனக்குப் புரிந்துவிட்டது. அவனுக்கு ஒன்றரை வருஷமாக ஊரிலிருந்து கடிதம் இல்லை.

"அம்மா?"

எனக்குப் பொய் சொல்லத் தெரியாது. பேசுவதே குறைச்சல். ஆனால் இது பொய் மாதிரி இல்லை.

"நல்லா இருக்காங்க. சாப்பிடச் சொன்னாங்க."

"நீ?"

"மொதல் தடவையே உக்காந்துட்டோம். ரெண்டு பேரும்."

"அழலையா?"

"அழல."

கொஞ்ச நேரம் மைதானத்தைப் பார்த்தான். "மத்தியானம் தூங்கினாளா?"

"தூங்கினாங்க. பாத்திரத்த என் சம்சாரம் பாத்துக்கிட்டா."

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "சாயங்காலம் நடந்தீங்களா?"

"தினமும்" என்றேன். அது ஒன்று நிஜம். அதனால் சத்தமாகச் சொன்னேன்.

கம்பி இடைவெளியில் காகிதத்தை வாங்கினான். முழங்காலில் வைத்து நீளமாக ஏதோ எழுதினான். கையெழுத்துப் போட்டான். பீட்ரூட் சாற்றில் சோப்பைத் தோய்த்து ஓங்கி ஒரு குத்துக் குத்தினான். ஊதிக் காயவைத்துத் திருப்பிக் கொடுத்தான். அன்று மாலை அவன் என்னோடு சுற்று வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றான்.

குமாஸ்தா முத்திரையைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். ஆபீசுக்கு நகல் எழுதி வைத்துக்கொண்டு அசலை எனக்குக் கொடுத்தார். "குடியாத்தத்து முத்திரையெல்லாம் இவ்ளோ தெளிவா வர்றதில்ல" என்றார்.

அதற்குப் பிறகு ரயில் போகும்போது அவள் என்னைப் பார்ப்பதில்லை. டம்ளரைப் பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கல்யாணச் சேலையை உடுத்திக்கொண்டு எங்கள் சந்தில் இரண்டு தடவை நடப்பாள். நானும் கூட நடக்க வேண்டும். சந்து சின்னது. சீக்கிரம் திரும்ப வேண்டியிருக்கும்.

அடுத்த வருஷம் லீவுக் காலத்தில் குடியாத்தத்துக்காரர் வேலியோரம் வந்து நின்றார். தலையைச் சொறிந்தார்.

"தம்பி, எங்க மணியக்காரரு மாறிட்டாரு. புது ஆளு ரொம்பக் கறாரு. உங்க ஊர்ல ஒரு எடம் கெடைக்குமா? பத்து நாளு."

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்டேன். அவள் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"குடுங்க, ஊருதானே. கீழ்ப்பாதையில நாய் இருக்குன்னு சொல்லி அனுப்புங்க."